கலப்பினக் கொடுவா

சுனாமிக்குப் பிறகு தேற்றாத்தீவில் கடல் மீனை எவரும் தொடவில்லை. பிணம் தின்ற மீன் என்றார்கள். மீன்காரன் ஷிஹான், கடலில் பிடித்த கொடுவாவையே "கலப்பினம், குளத்தில வளர்த்தது" என்று கூவி விற்றான். அந்தப் பெயரை நம்பிச் சனம் வாங்கியது.

கேதீஸ்வரி மட்டும் தினமும் வந்து கேட்பாள். "கலப்பினமா தம்பி?"

"ஓம் அக்கா. கடலையே காணாத மீன்."

வாங்காமல் திரும்பிவிடுவாள். பொய் தெரிந்துவிட்டதோ என்று அவன் பயந்தான். ஊருக்குச் சொன்னால் பிழைப்புப் போய்விடும். இன்று அவளைத் தனியே மறித்தான்.

"அக்கா, இது கடல் மீன்தான். ஆருக்கும் சொல்லிராதீங்க."

"எல்லாத்தையும் தா."

"இவ்வளவையும் ஆர் தின்னுற?"

"தின்ன இல்ல தம்பி, வயித்தைக் கீறிப் பாக்க. மகனை இன்னும் காணல்ல. அவன்ட கையில வெள்ளிக் காப்பு இருந்தது."