பத்துக்கு ஆறு

வலிக்குப் பத்துக்கு எத்தனை போடுவீர்கள் என்று டாக்டர் கேட்டார். தாங்கவே முடியாவிட்டால் பத்து.

அம்மா கண்ணை மூடி யோசித்தாள்.

ஆறு என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளுக்கு வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது. ஆபரேஷன் தியேட்டருக்குள் நடந்து போன அப்பா திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து ஆபரேஷன் என்ற சொல்லே அவளுக்கு ஆகாது.

குளியலறையில் வழுக்கி உட்கார்ந்ததில் அம்மாவின் முதுகெலும்பு ஒன்று நசுங்கியிருந்தது. வலி தாங்காதென்றால் ஆபரேஷன் செய்து எலும்புக்குள் சிமென்ட் வைக்கலாம், எண்பத்தொரு வயதில் அதிலும் ஆபத்து உண்டு, ஆறுதான் என்றால் பெல்ட் போட்டுப் படுத்திருந்து பார்க்கலாம் என்றார் டாக்டர். முடிவை மகளிடம் விட்டார்.

டாக்டருக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும்.

அம்மா, அந்த நாள் ஞானசௌந்தரி டீச்சர், முப்பத்தைந்து வருஷம் கட்டுரை நோட்டு திருத்தியவள். பத்துக்கு ஆறைத் தாண்டி எவருக்கும் போட்டதில்லை. பின்னாளில் கலெக்டரான பையனுக்கே ஐந்தரை. பெற்ற மகளுக்கு ஐந்து. அவள் வீட்டுக்கு வந்து அழுது புரண்டும் அரை மார்க் ஏறவில்லை.

அதை டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்.

அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் வேண்டாம் என்றாள் மகள்.

ஆறு வாரம் கழித்து டாக்டர் கேட்டபோதும் அம்மா ஆறு என்றாள். அப்போதும் மகள் வாயைத் திறக்கவில்லை. அம்மாவின் வலியைவிட அவளுடைய பயம் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

அடுத்த எலும்பும் நசுங்கியது. முதுகில் புண் வந்தது. நெஞ்சில் சளி கட்டியது. இனி மயக்க மருந்தை இந்த உடம்பு தாங்காது என்று நேற்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

இன்று காலை உடம்பு துடைக்க ஒருக்களித்துத் திருப்பியபோது அம்மா தலையணையைக் கடித்துக்கொண்டாள். சத்தமே இல்லை.

மகளுக்குப் பொறுக்கவில்லை. இப்படி வலிக்கிறது என்று அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேவிட்டாள்.

அம்மா மூச்சு வாங்கிக்கொண்டாள். குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் ஆச்சரியம்தான் இருந்தது.

"ஆறுன்னு சொன்னேனே மக்ளே. நீ டாக்டர்ட்ட எடுத்துச் சொல்லுவேன்னுல்லா இருந்தேன்."