கல்யாண விறகு

பெண்ணாடத்தில் தன் இரண்டாவது கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டுக் கடலூர் திரும்பிய ராஜமாணிக்கம், வீட்டுக் கொல்லையில் அசந்து நின்றான். மனைவி சௌந்தரம் ஓர் இரும்புச் சட்டத்துக்குள் பழைய லாரி ஜாக்கியை நிறுத்தி, அதற்கு மேலே கூரான ஆப்பைப் பொருத்தியிருந்தாள்.

“என்னாடி இது?”

“விறகு பொளக்கற மெஷினு. ஒங்க கல்யாணச் சமையலுக்குத்தான்.”

“கோவமே இல்லியா ஒனக்கு?”

“கோவப்பட்டு என்னா ஆவப்போவுது? ஜாக்கி மேல வெச்சிருக்கறது கடைசிக் கட்டை. நீங்களே அடிங்க மாமா.”

அவன் உற்சாகமாக ஜாக்கியின் கைப்பிடியை ஏற்றி இறக்கி அடித்தான். கட்டை மேலேறி, ஆப்பில் முட்டிப் பிளந்தது. உள்ளே மஞ்சளாக இருந்தது.

“அடியே, இது பலாவாச்சே!”

“ஆமா. புதுசா வர்றவளுக்குக் கட்டில் செய்யன்னு ஆசாரி பட்டறையில போட்டு வெச்சிருந்தீங்களே, அதேதான். மத்ததெல்லாம் நேத்தே பொளந்துட்டேன். அவ பாயிலயே படுத்துக்கட்டும்.”