வெனிலா மணக்கும் கை

கேரேஜ் சன்னல் வழியே விஸ்கான்சின் பனி வெளிச்சம் விழுகிறது. நாளை மகள் கல்யாணத்துக்காக வீட்டிலேயே காய்ச்சிய கறுப்பு பீரில், மூன்று மாதம் வோட்காவில் ஊறிய வெனிலாக் காய்களைக் கையால் பிழிந்தெடுத்த சாறு முழுவதையும் வேர்ன் ஊற்றிவிட்டார். ஒரு குவளை பிடித்து முகர்கிறார், வெனிலா கமகமவென்று மணக்கிறது. மனைவி லோரெட்டா தண்ணீர் தருகிறாள். அதுவும் மணக்கிறது. காலிக் குவளையும் மணக்கிறது. "எல்லாத்துலயும் எப்படி?" என்று திருதிருவென விழிக்கிறார். "ஊறின காயப் பிழிஞ்ச கைதானே? கையப் பின்னால கட்டிக்கோ" என்று லோரெட்டா பீரைத் தானே அவர் மூக்கருகே பிடிக்கிறாள். கருக வறுத்த பார்லி வாசம் மட்டும் வருகிறது. வேர்ன் சாறு தீர்ந்த காலி சீசாவைப் பார்க்கிறார், விரல்களைப் பார்க்கிறார். "கவலைப்படாத. நாளைக்கு வாசல்ல நின்னு எல்லாருக்கும் கை குடு. அப்புறம் குடிக்கட்டும்" என்கிறாள் அவள்.