பிரின்டர் வேணாம்

"பிரின்டர் வேணாம் பாய். அந்தக் காசுக்கு 3டி கார்டு போட்டுடுங்க."

கஸ்தூரி இப்படிச் சொன்னதும் எனக்குச் சுர்ருனு ஏறிச்சு. காலேஜ்ல கம்ப்யூட்டர் படிக்கிற பொண்ணு, கடைசி வருஷம். பிராஜெக்ட் அடிச்சுக் குடுக்கணும், பிரின்டர் இல்லாம முடியாதுனு போன வாரம் இதே வாயால சொன்னவ.

பூந்தமல்லியில நான் கம்ப்யூட்டர் கடை வச்சு மூணு வருஷம் ஆவுது. 3டி கார்டு எதுக்குனு எனக்குத் தெரியாதா? கேம் ஆடறதுக்கு. வேற எந்த எழவுக்கும் அது வேணாம்.

பக்கத்துல ஸ்டூல்ல அவங்கப்பா வேலுசாமி. ஆவடியில டாங்கி செய்யற ஃபாக்டரியில ஃபிட்டர். சொந்த ஊரு நாமக்கல் பக்கம். இருபத்தாறு வருஷமா குவார்ட்டர்ஸ்ல இருந்தும் ஊர்ப் பேச்சு மாறல. பி.எஃப்.ல லோன் போட்டு எடுத்தாந்த முப்பத்தஞ்சாயிரம்தான் மொத்தமும். அதுக்கு மேல ஒத்த ரூபா கிடையாது.

போன வாரம் இவங்க வந்தப்போ பொண்ணு லிஸ்ட் எழுதிக்கினு இருந்தா. நான் சும்மா பேச்சு குடுத்தேன்.

"ஃபாக்டரில இன்னா வேலை சார்?"

"டாங்கியில குறி பாக்கற கண்ணாடி இருக்குதுங்களே, அதை மாட்டறதுங்க."

"அப்ப டாங்கி சுடறத தெனமும் பாப்பீங்க."

"எங்கீங்க. நாங்க மாட்டி அனுப்பறதோட சரி. தார்ப்பாய் போட்டு மூடி ரயில்ல ஏத்திருவாங்க. சுடறதெல்லாம் ராஜஸ்தான்ல, மணல் காட்டுல. கூடப் போற லிஸ்ட்ல வருசா வருசம் எம் பேரையும் குடுப்பேன், வந்ததில்லீங்க. ஜூன்ல ரிட்டயர்மென்ட். நான் மாட்டுனது நேரா சுடுதானு ஒருக்கா பாத்துட்டா போதும்னு கெடந்தேன். இனி எங்க."

சொல்லிட்டு ரோட்டைப் பாத்துக்கினு உக்காந்திருந்தாரு. பொண்ணு தலையத் தூக்கல, லிஸ்ட்டையே பாத்துக்கினு இருந்தா.

அப்பேர்ப்பட்ட மனுஷனோட காசுல இவளுக்கு கேம் கேக்குது.

"கார்டு போட்டா பட்ஜெட் இடிக்குமேம்மா" என்றேன்.

"மானிட்டர் செகண்ட் ஹாண்டே போதும் பாய். ஸ்பீக்கர் மட்டும் பெருசா போடுங்க, நல்லா அதிரணும்."

ஸ்பீக்கர் வேற அதிரணுமாம்.

வேலுசாமி என் மூஞ்சியப் பாத்தாரு. "அந்தக் கார்டு படிப்புக்கு அவசியமுங்களா பாய்?"

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவ முந்திக்கினா. "சிலபஸ்ல இருக்குப்பா."

சொல்லிட்டு என்னைப் பாத்தா. பிரின்டரை விட கார்டுலதான் எனக்கு லாபம் ஜாஸ்தி. "ஆமா சார், அது இல்லாம முடியாது"ன்னுட்டேன்.

அன்னிக்கு ஊட்டுக்குப் போனா சோறு இறங்கல. என் பொண்ணு குல்ஷன் எனக்கு இப்படிப் பண்ணியிருந்தா, அதுக்கு ஒரு கடைக்காரன் ஒத்து ஊதியிருந்தா, அவனைச் சும்மா விட்டிருப்பேனா? ஞாயித்துக்கிழமை மாட்டறதுக்குப் போவும்போது அந்த மனுஷன்கிட்ட உண்மையச் சொல்லிடறதுனு முடிவு பண்ணேன். கார்டைத் திருப்பி வாங்கிக்கினு பிரின்டரே குடுத்துடலாம்.

ஞாயித்துக்கிழமை அவங்க குவார்ட்டர்ஸ்ல எல்லாத்தையும் மாட்டி முடிச்சேன். வேலுசாமி சம்சாரம் பத்மாம்மா சிபியூவுக்குக் குங்குமம் வச்சுட்டு காபி போடப் போனாங்க.

கஸ்தூரி பையிலேர்ந்து ஒரு சிடியை எடுத்தா. பர்மா பஜார் சரக்கு, கேம் சிடி. அப்பா எதிர்லயே ஆடப் போறா, எவ்வளோ தைரியம் பாரு.

"சார், ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பிச்சேன்.

"ஒரு நிமிஷம் பாய். அப்பா, வந்து இப்படி உக்காருங்க."

"நானா? எனக்கு இதுல என்ன தெரியும் அம்மிணி?"

தோளைப் புடிச்சு உக்கார வச்சா. ஸ்கிரீன் பூரா மணல். நடுவுல மெல்லிசா ஒரு கூட்டல் குறி. தூரத்துல ஒரு டாங்கி.

வேலுசாமி மெதுவா முன்னாடி குனிஞ்சாரு. இடது கண்ணை மூடிக்கினு வலது கண்ணை மானிட்டர் மேல ஒட்டினாப்பல வச்சுப் பாத்தாரு. கஸ்தூரி அவரு விரலை எடுத்து ஸ்பேஸ் பார் மேல வச்சா.

"அமுக்குங்கப்பா."

ஸ்பீக்கர் போட்ட சத்தத்துல ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துச்சு. காபி டம்ளரோட ஓடி வந்த பத்மாம்மா அப்படியே நின்னுட்டாங்க. தூரத்துல இருந்த டாங்கி எரிஞ்சுக்கினு இருந்துச்சு.

"நேராத்தான் போகுது அம்மிணி" என்றாரு வேலுசாமி. "இன்னொருக்கா அமுக்கட்டுமா?"

சொல்ல வந்ததை முழுங்கிட்டு, பையை எடுத்துக்கினு கெளம்பினேன். கஸ்தூரி வாசல் வரைக்கும் வந்தா.

"பாய், பிராஜெக்ட் நூத்தி இருபது பக்கம் வரும். உங்க கடையில பிரின்ட் எடுத்துக்கலாமா?"

"வாம்மா."

"ரொம்ப தேங்க்ஸ் பாய். அன்னிக்கு நான் சிலபஸ்னு பொய் சொன்னப்போ நீங்களும் ஆமான்னீங்களே, அப்பாவுக்காகத்தான்னு அப்பவே உங்களுக்குப் புரிஞ்சிடுச்சு, இல்ல?"

"ஆமாம்மா" என்றேன். அந்த ஊட்டு ஆளுங்ககிட்ட நான் சொன்ன ரெண்டாவது பொய் அது.