பதினோரு கிலோ

"பதினோரு கிலோ நானூறு!"

செக்ரட்டரி தராசை ஒரு தட்டு தட்டிப் பார்த்தாரு. முள்ளு நகரல.

"தனி ஆள் நீங்க. கல்யாண வீட்டுல கூட இவ்வளவு சேராது. எப்படி டிரைவர் சார்?"

ரிட்டயர்டு பஸ் டிரைவர் கறுப்புப் பையோட வாயை இன்னொரு முடிச்சு போட்டு இறுக்கினாரு.

அந்த பில்டிங்ல பத்து வீடு. ஞாயித்துக்கிழமை காலையில படிக்கட்டுக்குக் கீழ எல்லார் வீட்டுக் குப்பையையும் எடை போடுவாங்க. மக்கற குப்பை தோட்டத்துக் குழிக்குப் போயிடும். மக்காத குப்பை வீட்டுக்கு வாரம் ஒரு கிலோதான். எடையை வீட்டு நம்பரோட போர்டுல எழுதிடுவாங்க. யாரும் வெளிய கொண்டுபோய்க் கொட்டிடக் கூடாதுன்னு, தெருமுனைத் தொட்டியையும் மனு மேல மனு போட்டு எடுக்க வெச்சிட்டாரு செக்ரட்டரி.

நல்ல மனுஷன். பூமியைக் காப்பாத்தணும்னு நெசமாவே நினைக்கிறவர். பூமி மேல இருக்கறவங்க மேலதான் அவ்வளவு பிரியம் கிடையாது.

ஒன்பது வீடும் ஒரு கிலோவுக்குள்ள. டிரைவர் வீடு மட்டும் நாலு மாசமா ஏறிக்கிட்டே இருக்கு.

"மூணு நோட்டீஸ் குடுத்தாச்சு. வாடகைக்கு இருக்கறவங்க மூணு தடவை தாண்டினா காலி பண்ணணும். நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"போட்டிருக்கேன்."

"எட்டு வருஷம் கூட இருந்தவரை அனுப்ப எனக்கென்ன ஆசையா? உள்ள என்னதான் இருக்கு, பிரிச்சுக் காட்டுங்க. நியாயமான காரணமா இருந்தா விட்டுடலாம்."

டிரைவர் பையைத் தன் பக்கமா இழுத்துக்கிட்டாரு.

"பிரிக்க வேணாம் சார். என் வாசல்லேர்ந்து வந்த குப்பை. நான்தான் பொறுப்பு."

"வீடு போயிடும்யா! இந்த வயசுல எங்க போவீங்க?"

"தெரியல சார். என் சம்சாரம் கண்ணை மூடின வீடு. கஷ்டமாத்தான் இருக்கும்."

செக்ரட்டரிக்குப் பொறுமை போச்சு. கத்திரிக்கோலை எடுத்தாரு. "தள்ளுங்க, நானே பிரிக்கறேன்."

"வேணாங்க!"

குறுக்க வந்தது செக்ரட்டரியோட சம்சாரம். "நாலு பேர் முன்னாடி ஒரு மனுஷனோட குப்பையைக் கிளறறது பாவங்க."

மாடி வீட்டு டீச்சரும் எழுந்தாங்க. "மேடம் சொல்றது சரி. அவருக்கும் மானம் மரியாதை இருக்கில்ல?"

பேங்க்காரர் தொண்டையைச் செருமினாரு. "முப்பது வருஷம் ஊரையே ஏத்தி இறக்கின மனுஷன் சார். பிரிக்கறது நாகரிகம் இல்ல."

கைக்குழந்தையோட நின்ன கீழ் வீட்டுப் பொண்ணு அழுதுடுச்சு. "தாத்தா பாவம். பிரிக்காதீங்க அங்கிள்."

ஒன்பது வீடும் ஒரே குரல். செக்ரட்டரி அசந்துபோய்ட்டாரு. தண்ணி டேங்க் கழுவற விஷயத்துல கூட இந்த பில்டிங் இப்படி ஒத்துப்போனதில்ல.

கத்திரிக்கோலைக் கீழ வெச்சாரு. "உங்களை எல்லாம் நினைச்சா பெருமையா இருக்கு. சரி, பிரிக்கல. ஆனா பிரிக்கலைன்னா காரணம் தெரியாது. காரணம் தெரியாம விதியைத் தளர்த்த முடியாது. மாசக் கடைசியில இவர் காலி பண்ணிடணும். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

இவ்வளவு நேரம் பேசின வாயெல்லாம் மூடிக்கிச்சு.

செக்ரட்டரி காட்டின இடத்துல டிரைவர் கையெழுத்துப் போட்டாரு. போகறதுக்கு முன்னாடி எல்லாரையும் ஒரு தடவை பார்த்தாரு, வண்டியை எடுக்கும்போது கண்ணாடியில பார்க்கற மாதிரி. அவரை யாரும் பார்க்கல.

சாயங்காலம் துணிமணியை மடிச்சு அட்டைப்பெட்டியில அடுக்கிக்கிட்டிருந்தாரு. யாரோ கதவைத் தட்டினாங்க. பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாதுன்னு நகத்தால தட்டற மாதிரி ஒரு சத்தம்.

டீச்சர். முதுகுக்குப் பின்னாடி ஒரு பை.

"அண்ணா, மன்னிச்சிடுங்க. காலையில சொல்லிடலாம்னுதான் எழுந்தேன், வாய் வரல. மாமனாருக்கு எல்லாமே படுக்கையில. டயப்பரே வாரத்துக்கு ரெண்டு கிலோ ஆயிடுது. எங்க ஒரு வீட்டுக் குப்பையை வாங்கி வெச்சுக்கப் போய் உங்களுக்கு இந்தக் கதி. ஆனா... நீங்க போற வரைக்குமாவது இதை..."

கீழ காலடிச் சத்தம் கேட்டு டீச்சர் திரும்பினாங்க.

ரெண்டு படிக்குக் கீழ பேங்க்காரர், கையில ஒரு பையோட. அவருக்குப் பின்னாடி கைக்குழந்தைக்காரப் பொண்ணு. அதுக்கும் கீழ, சுவரோட ஒட்டிக்கிட்டு, செக்ரட்டரியோட சம்சாரம்.

ஒருத்தர் கையில இருந்த பையை ஒருத்தர் பார்த்தாங்க. திரும்பிப் போகவும் யாருக்கும் கால் வரல.

டிரைவர் கதவை அகலமா திறந்து விட்டாரு.

"வெச்சுட்டுப் போங்க. பேரு, வீட்டு நம்பர் போட்ட கவர் ஏதாவது இருந்தா மட்டும் எடுத்துடுங்க. நாலு மாசமா நான் பார்த்துப் பார்த்து கிழிச்சுக்கிட்டிருந்தேன். நான் போனப்புறம் யாராவது பிரிச்சுப் பார்த்துடப் போறாங்க."