தேடி வருகிற முகவரி

டயகம தேயிலைத் தோட்டத்தில் பிற்பகலிலேயே மூடுபனி லயத்து வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. சிக்னல் கிடைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து, போன மழையில் மண்சரிவோடு போய்விட்ட அண்ணன் ஜதீஸ் செய்துவைத்த கருவிக்கு விளக்கக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறாள் சுலோஜனா. சோதித்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறவர்களின் இணையதளத்துக்குள் ஓர் இரகசிய முகவரியை ஒளித்துவைப்பது அதன் வேலை. தளத்தில் பாதுகாப்பு ஓட்டை இருந்தால், என்றாவது ஒரு நாள் அவர்களுடைய கணினி தானாகவே அந்த முகவரியைத் தேடி வரும். இங்கே மணி அடிக்கும். ‘பதில் வரத் தாமதமாகலாம்’ என்று தட்டுகிறாள். மணி அடிக்கிறது. திரையில் வந்து நிற்கும் முகவரியில் அண்ணனின் பெயர் இருக்கிறது. மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா இடுப்பில் கட்டிய நனைந்த படங்குத் துணியை அவிழ்க்காமல் நிற்கிறாள். “யாரு புள்ள?” “அண்ணன் எப்பவோ வச்சதும்மா. இப்பதான் எங்கிருந்தோ தேடி வருது.” “பதில் சொன்னியா?” “இது பதில் சொல்லாதும்மா. வந்தத குறிச்சுக்கும், அவ்வளவுதான்.” அம்மா கதவை அகலத் திறந்துவிடுகிறாள். பனி அடுப்படி வரைக்கும் உள்ளே வருகிறது. “சொல்லாம விட்டா திரும்பத் திரும்பக் கூப்புடுவானே.” மணி மறுபடியும் அடிக்கிறது. இரண்டு பேரும் வாசலைப் பார்க்கிறார்கள்.