ஆணியில் தொங்கும் பேட்ஜ்

கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜைச் சட்டையிலிருந்து கழற்றி, எக்ஸ்ரே அறைக்கு வெளியே இருந்த ஆணியில் மாட்டினார், அவளோடு அங்கேயே வேலை பார்த்த கணவர். "நாளைக்கும் குழந்தை துள்ளினா நான் புடிச்சுக்கிறேன். நீ பட்டனை மட்டும் அமுக்கும்மா. மூஞ்சிய அப்படி வச்சுக்காத" என்று சிரித்தார். வீடு திரும்பும் வழியில் லாரி மோதி இறந்துபோனார்.

பெரியவர்களைப் படமெடுப்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. குழந்தைகள் என்றால், கணவர் பிடித்துக்கொள்ளாவிட்டால் படம் கலங்கிவிடும். "இன்னொரு படம் கெட்டா உன்னை ரெக்கார்டு ரூமுக்கு மாத்திடுவேன்" என்று பெரிய டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

அவள் வேலைக்குத் திரும்பிய அன்று முதலில் வந்தது, கை முறிந்து வீறிட்ட மூன்று வயதுப் பிள்ளை. அவள் பட்டனில் விரல் வைத்ததும் அது அசையாமல் கிடந்தது. படம் பளிச்சென்று வந்தது. அதன்பின் அந்த அறையில் ஒரு குழந்தையின் படம்கூடக் கெடவில்லை. "என்னம்மா மந்திரம் போடறே?" என்று அதே டாக்டர் கேட்டார். பதினோராம் வருடம் எல்லோரும் கைதட்ட, அவள் அந்தப் பிரிவுக்கே தலைவியானாள்.

கணவரின் பேட்ஜைத் திருப்பிக் கொடுக்க மனம் வராமல், மாதாமாதம் அதையும் சேர்த்தே பரிசோதனைக்கு அனுப்பிவந்தாள். அவள் மேசை வேலைக்கு மாறிய பிறகு வந்த முதல் அறிக்கையைக் குமாஸ்தா நீட்டினான்.

"அக்கா, சும்மா தொங்கற பேட்ஜுக்கு எப்படி அளவு வருது? கோளாறுன்னு எழுதிப் போடவா?"

"கோளாறெல்லாம் இல்லப்பா. ஃபைல்ல வை."

அவள் பெயருக்கு நேரே பூஜ்யம். கணவர் பெயருக்கு நேரே, அவர் குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு நின்ற காலத்தில் வந்த அதே 0.4.